பெலான் மாமா எழுப்பிய கார்

"...உருட்டணும்னா என் மேல ஏத்தி உருட்டுங்கடா. ஆனா பெலான் பெலான் லா!" என்றார், பழைய காரின் முன்சக்கரத்துக்குக் குறுக்கே படுத்திருந்த பெலான் மாமா.

கேமரன் மலையில் அவரைவிட மெதுவான ஒன்று உண்டென்றால் அது மலைதான். மெதுவாக என்பதற்கு மலாயில் சொல்லும் 'பெலான் பெலான்' அவர் வாயிலிருந்து வராத நாளில்லை. பெயரே அதுவாகிவிட்டது. லோரி ஓட்டிய காலத்தில், திரிங்காப்பில் அவர் ஏற்றிய முட்டைக்கோஸ் பக்கத்து ஊரான பிரிஞ்சாங் வருவதற்குள் இன்னொரு சுற்றுப் பெருத்துவிடும் என்பார்கள். அவருடைய கல்யாணத்துக்கு அவர் வந்து சேர்ந்தபோது மேளக்காரர்கள் சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தார்களாம்.

அப்படிப்பட்டவரிடம் போய்ப் பார்வதி அக்கா ஓர் அவசர வேலையைக் கொடுத்தார். வேலையை விட்டுப் போன தேயிலைத் தோட்டத்துத் துரையிடமிருந்து அக்காவின் கணவர் ஆசையாக வாங்கிய கார் அது. கணவர் இறந்த பிறகு கொட்டகையில் சாக்கைப் போர்த்திக்கொண்டு கிடந்தது. கோலாலம்பூரிலிருந்து மகன் போனில் சொல்லிவிட்டான்: "பழைய இரும்பு எடுக்கிற லோரி வர்றதுக்குள்ள ஸ்டார்ட் ஆனா வச்சுக்கங்கம்மா. இல்லன்னா ஏத்தி விட்டுடுங்க."

மாமா பிளக்குகளைக் கழற்றி, துருவில் இறுகிய பிஸ்டன் இளக ஓட்டைகளில் எண்ணெய் ஊற்றினார். பிறகு முக்காலி போட்டு உட்கார்ந்தார். தினமும் வந்தார், உட்கார்ந்தார், போனார்.

"என்ன மாமா, வேலை நடக்குதா?" என்று கேட்டேன்.

"ஊறுது."

"எப்ப முடியும்?"

"காடிய கேளு" என்று காரைக் காட்டினார்.

பக்கத்து வீட்டு முனியாண்டிக்குப் பொறுக்கவில்லை. "இஞ்சின் ஊறுதா, இவரு ஊறுறாரா?" என்றான்.

லோரி வந்தே விட்டது. எங்கள் மலையில் நின்றுபோன எந்த வண்டிக்கும் ஒரே வைத்தியம்தான்: கியரில் போட்டுச் சரிவில் உருட்டிவிடுவது. முனியாண்டி எங்களைக் கூட்டிக்கொண்டு காரைத் தள்ள வந்தான். "இப்பத்தான் பிஸ்டன் அசையுது. உருட்டினா உள்ள ரிங்கு உடைஞ்சிடும்டா" என்று மாமா சொல்லிப் பார்த்தார். யார் காதிலும் ஏறவில்லை. அப்போதுதான் படுத்தார்.

"எந்திரிங்க மாமா, லோரிக்காரன் சிரிக்கிறான்!"

"சிரிக்கட்டும். நான் சும்மாவா படுத்திருக்கேன்? வேலை பார்க்கிறேன்."

அவர்மேல் ஏற்ற யாருக்குத் தைரியம்? கையை எடுத்தோம். மாமா எழுந்து சட்டையைத் தட்டி முடிப்பதற்குள் லோரிக்காரன் கொட்டாவி விட்டான். காரின் முன்பக்கம் ஹேண்டிலைச் செருகிச் சுற்றி, இஞ்சினை மிச்ச எண்ணெயைத் துப்பவைத்தார். பிளக்குகளைத் துடைத்து மாட்டினார். டேங்க் துருவேறிப் போயிருந்ததால், தண்ணீர் பாட்டிலில் பெட்ரோல் ஊற்றி, குழாய் செருகி, ஆஸ்பத்திரியில் டிரிப் ஏற்றுவதுபோல் உயரத் தூக்கிப் பிடித்தார்.

"இப்ப சுத்துடா, முனியாண்டி."

சுற்றினான். இருமியது. மறுபடி சுற்றினான். தேயிலைத் தொழிற்சாலையே தோற்றுப்போகும் அளவுக்குப் புகையைக் கக்கி, தடதடவென்று இஞ்சின் ஓட ஆரம்பித்தது. லோரிக்காரன் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு கிளம்பினான்.

பார்வதி அக்கா அடுப்பங்கரையிலிருந்து ஓடிவந்து, ஈரக் கையை பானெட்டில் வைத்தார். "இதே சத்தம்தான். அவரு பகல் சாப்பாட்டுக்கு வர்றப்போ அந்த வளைவுலயே கேக்கும்" என்றார்.

முனியாண்டி கைதட்டப் போனான். மாமா கண்ணாலேயே அவனை அடக்கினார். பாட்டில் இன்னும் அவர் கையில் உயரத்திலேயே இருந்தது. நான் வாங்கிக்கொள்ளப் போனேன், தரவில்லை. மறு கைக்கு மாற்றிக்கொண்டு, அக்கா போதும் என்று சொல்லும்வரை அப்படியே தூக்கிப் பிடித்து நின்றார்.