மாமியின் கட்டிலைப் பற்றி நான் எழுதிய இரண்டு வரிகள்

ஒற்றுமையான தெரு என்று யாராவது உருகினால் எனக்குச் சிரிப்புதான் வருகிறது. லால்பேட்டையில் எங்கள் தெருவும் அந்த ரகம்தான். ஒரு வீட்டுக்கு வந்த கடிதத்தை ஒன்பது வீடு படிக்கும். (பத்தாவது வீட்டில் கோபித்துக்கொள்வார்கள்.) பினாங்குக்குப் பிழைக்கப் போன ஆண்களும் அங்கே ஒரே கட்டடத்தில் தங்கி இதையேதான் செய்தார்கள்.

இதற்குள் என்னைப் போன்ற மேதையை நுழையவிட்டது தெருவின் குற்றம் என்று வாதாடிப் பார்த்தேன். எடுபடவில்லை.

அண்ணாமலை நகரில் பி.யூ.சி. சேர்ந்து அப்போது மூன்று மாதம். அதற்குள் தமிழ் உரைநடையைத் திருத்தும் பொறுப்பு என் தலையில் இறங்கிவிட்டதாக நம்பினேன். பக்கத்து வீட்டு ரஹ்மத் அக்கா, கணவர் பஷீர் மச்சானுக்குக் கடிதம் எழுதக் கூப்பிட்டார். மச்சானுக்குப் பினாங்கில் மூன்று வருஷ ஒப்பந்தம். நடுவில் கிளம்பினால் வேலை போச்சு.

“சலாம் போட்டியா? இப்ப பேரெல்லாம் எழுது தம்பி. ஒங்க அம்மா நல்லா இருக்காங்க, சின்ன மாமா நல்லா இருக்காங்க...”

எங்கள் ஊர்க் கடிதங்களில் பாதிப் பக்கம் இப்படியே போய்விடும். வயது வரிசையில் பன்னிரண்டு பெயர், பன்னிரண்டு ‘நலம்’. ஏன் என்று நான் கேட்கவில்லை. மேதைகள் கேட்பதில்லை. பட்டியலை எழுதாமல் முழுசாக விழுங்கிவிட்டேன்.

“மாமி கட்டிலு கயிறு அறுந்து முத்தத்துல கெடக்குது. வேற கயிறு போடணும்னு எழுது.” மாமி என்றால் மச்சானின் அம்மா.

நான் எழுதியது: ‘மாமியின் கட்டில் முற்றத்தில் வெறுமையாகக் கிடக்கிறது. அந்தி வெயில் மட்டும் வந்து அதில் சற்றே அமர்ந்துவிட்டுப் போகிறது.’ (எனக்கே கண் கலங்கியது. கயிறு இலக்கியத்துக்கு ஆகாது என்று விட்டுவிட்டேன்.)

“படிச்சுக் காட்டு” என்றார் அக்கா. அவர் சொன்னதையே திருப்பிச் சொன்னேன்.

ஐந்து வாரம் கழித்து, பட்டப்பகலில், வாசலில் ஒரு குதிரை வண்டி நின்றது. பஷீர் மச்சான் இறங்கினார். அப்படியே படியில் உட்கார்ந்து ஓவென்று அழுதார். சத்தம் கேட்டு மாமி உள்ளேயிருந்து வந்தார்.

“யாருப்பா அது? யாரு மவுத்தாயிட்டாங்க?”

மச்சான் நிமிர்ந்து பார்த்தார். “நீங்கதாம்மா.”

கடல் தாண்டி இருப்பவனுக்குச் சாவுச் செய்தியை நேராக எழுதுவதில்லையாம். ‘நலம்’ பட்டியலில் இறந்தவர் பெயரை மட்டும் விட்டுவிடுவார்களாம். என்னைத் தவிர ஊருக்கே தெரிந்த விஷயம். பட்டியலே இல்லாததால் பன்னிரண்டு பேரில் யார் என்று பினாங்கில் பெரிய விவாதம் நடந்திருக்கிறது. கட்டில் தீர்ப்புச் சொல்லிவிட்டது.

“ஒங்களுக்கு யாசீன் ஓதி, சோறு ஆக்கிப் போட்டுட்டுக் கப்பல் ஏறுனேம்மா” என்றார் மச்சான்.

மாமி யோசித்தார். “எத்தன பேரு வந்தாங்க?”

“நாப்பது பேரு.”

“நம்ம ஊரு ஆளுவோ நூறு பேரு இருக்காங்களே. மத்தவனுவோ எங்க போனானுவோ?”

“வேல நேரம்மா.”

“என்னா ஆக்குனே?”

“நெய்ச்சோறு, தாளிச்சா.”

“எனக்குக் கறி போடலியா?”

அதற்குள் தெரு முழுக்கக் கூடிவிட்டது. யாரும் என்னை அடிக்கவில்லை. ஒன்பது வீட்டுக்காரர்களும் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள், அவ்வளவுதான். அடித்திருக்கலாம்.

பினாங்கு முதலாளி மச்சானைத் திரும்ப எடுக்கவில்லை. மஞ்சக்குப்பத்தில் ஒரு துணிக்கடையில் வேலைக்குச் சேர்ந்தார். வாரா வாரம் வீட்டுக்கு வந்தார். அடுத்த வருஷம் ஜமீலா பிறந்தாள்.

அவளுக்கு இப்போது ஐந்து வயது. தெருவில் அவள் உடைக்காத ஓடு இல்லை. நேற்று எதிர்வீட்டுப் பையனின் கையைக் கடித்துவிட்டாள். அவன் அம்மா பையனை இழுத்துக்கொண்டு நேராக என்னிடம் வந்தார்.

“பஷீர் மச்சான் வீடு அடுத்த வீடு” என்றேன்.

“தெரியும். அவரு பாட்டுக்குப் பினாங்குல இருந்தாரு. இந்தப் புள்ளைக்கு நீதான தம்பி பதில் சொல்லணும்.”