செல்போனை அணைத்து மாப்பிள்ளையை வரவழைத்த கதை

என் கல்யாணம் மே மாதம் நடந்திருக்க வேண்டியது. ஜனவரியிலேயே நடந்ததற்கு முழுப் பொறுப்பும் என்னுடையது. செல்போனைக் குறை சொல்ல முடியாது. பாவம், அது அணைந்துதான் கிடந்தது.

அப்போது தட்டாஞ்சாவடியில் ஒரு சின்னக் கம்பெனியில் வேலை. சரக்கு வரவில்லை என்று திட்டுகிறவர்களெல்லாம் என் நம்பருக்குத்தான் கூப்பிடுவார்கள். போதாததற்கு, நிச்சயமான மாப்பிள்ளை ஆந்துவான். எங்கள் ஊர்த் தமிழர்தான், ஆனால் பிரெஞ்சுக் குடியுரிமை, பிரான்சில் ராணுவ வேலை. தினமும் சாயங்காலம் ஐந்து மணிக்குக் கூப்பிட்டு "சாப்ட்டியா?" என்பார். (அந்த நேரத்தில் எதைச் சாப்பிடுவது?)

கிறிஸ்துமஸ் லீவு விட்டதும் எனக்கு ஞானம் பிறந்தது. நாலு நாள் போனே வேண்டாம். ஆந்துவானுக்கு எஸ்எம்எஸ் அனுப்பினேன்: "இனிமே போன் பண்ணாதீங்க. எனக்கு நிம்மதி வேணும்." 'நாலு நாளைக்கு' என்பதை மனதுக்குள் சொல்லிக்கொண்டேன், விரல் அடிக்கவில்லை. போனை அணைத்து, பீரோவில் புடவைகளுக்கு அடியில் புதைத்தேன். வீட்டு போன் மழையில் ஏற்கெனவே செத்திருந்தது.

அந்த நாட்கள் எப்படிப் போயின என்று கேட்டால் சொல்லத் தெரியாது. மஞ்சள் சுவர்களின் மேல் வெயில் நகர்வதைப் பார்த்தபடி நடந்தேன். காகிதப்பூக்கள் தோளில் விழுந்தன, தட்டிவிடத் தோன்றவில்லை. கடற்கரையில் கருங்கற்கள் மேல் உட்கார்ந்தால், அலை வந்து வந்து என் பெயரையே கரைத்துக்கொண்டு போவது போலிருக்கும். நான் ஏதோ முனிவர் ஆகிவிட்டதாகவே நம்பினேன்.

மூன்றாம் நாள் மாலை முனிவர் வீடு திரும்பினார். கூடத்தில் ஆந்துவானின் அம்மா மத்தில்து அத்தை. டீப்பாய் மேல் நாங்கள் அவர் பிள்ளைக்குப் போட்டு, அவர் பத்திரத்துக்கு வீட்டில் விட்டுப்போன நிச்சயதார்த்த மோதிரம், டப்பாவோடு. அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உனக்கு வேற யாரையாச்சும் புடிச்சிருந்தா சொல்லிடும்மா. நாங்க சண்டைக்கு வர்ல," என்றார் அத்தை.

எனக்குக் கண்ணில் இன்னும் அலைதான் அடித்துக்கொண்டிருந்தது. "கடல் எவ்ளோ அழகா இருந்துச்சு தெரியுமா அத்தை?" என்றேன்.

"கடற்கரையில எவன்டி?" என்று அம்மா அழ ஆரம்பித்தாள்.

ஓடிப்போய் போனை உயிர்ப்பித்தேன். குறுஞ்செய்திகள் வரிசையாக அலறின. முதலில் "என்ன ஆச்சு?", பிறகு "நான் என்ன தப்பு பண்ணேன்?", கடைசியாக "லீவு வாங்கிட்டேன். ஏர்போர்ட்ல இருக்கேன்."

ஒரு நல்ல மனுஷனை இரண்டு நாள் அழவைத்திருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

மறுநாள் காலை கம்பளிக் கோட்டோடு, வேர்த்து வழிய, சிவந்த கண்ணோடு வந்து நின்றார்.

"நாலு நாளைக்குன்னு எழுத மறந்துட்டேங்க," என்றேன். வேறு என்ன சொல்ல?

என்னையே பார்த்தார். கோட்டைக் கழற்றினார். "சாப்பிட எதனா இருக்கா?" என்றார். அன்றைக்குத்தான் எனக்கு அவர்மேல் நிஜமாகவே காதல் வந்தது.

அத்தை மட்டும் அசையவில்லை. "மே வரைக்கும் இவள நம்பி உட்கார முடியாது. வந்த லீவுலயே முடிச்சிடுவோம்," என்று அன்றைக்கே பங்குச் சாமியாரைப் பார்க்க மாதா கோயிலுக்குக் கிளம்பிவிட்டார்.

இன்றைக்கும் ஒவ்வொரு கிறிஸ்துமஸ் காலையிலும் அத்தையிடமிருந்து எனக்கு போன் வரும். "மருமவளே, லைன்ல இருக்கியா?" என்பார். நாங்கள் ஒரே வீட்டில்தான் இருக்கிறோம். அவர் கூடத்திலிருந்து பேசுவார். நான் அடுப்படியிலிருந்து, கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "இருக்கேன் அத்தை" என்பேன். அதற்குப் பிறகுதான் வீட்டில் மற்றவர்கள் கேக்கில் கை வைக்கலாம்.