தூணில் முளைத்த முள்

வடமதுரை ரோட்டில் நடந்துகொண்டிருந்தேன். சட்டை தோள்பட்டையில் கிழிந்து தொங்கியது. கிழித்தவை நானே நட்ட முட்கள். (எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் ஊர் ஊராகப் போய் எதையும் கற்றுக்கொள்ளலாம். தெரியாததைத் தெரியாது என்று சொல்ல மட்டும் எந்த ஊரும் எனக்குக் கற்றுத்தரவில்லை.)

ஒட்டன்சத்திரத்துக் காய்கறி வியாபாரி ஒருவர் திண்டுக்கல்லில் கட்டிய வீட்டில் நான் கையாள். செபஸ்தியான் கொத்தனார் ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பும்போது முகப்புத் தூணைக் காட்டினார்.

"ஏலே, உச்சிப் பலகைக்குக் கீழ எக்கைனஸ் வரணுமாம். இன்ஜினியர் சொல்றாரு. தெரியுமா? சரியா முடிச்சுட்டா நாளையிலருந்து நீயும் கொத்தனாருதான்."

கலவைச் சட்டி சுமந்து உச்சந்தலை வழுக்கையாகிக்கொண்டிருந்த காலம். கரண்டி பிடிக்க ஆசை.

"தெரியும்ணே" என்றேன்.

அவர் தலை மறைந்ததும் போனில் அந்தப் பெயரைச் சொல்லித் தேடினேன். கறுப்பாய், உருண்டையாய், உடம்பெல்லாம் முள்ளாய் ஒரு கடல் பிராணி வந்தது. கோயில் தூணில் யாளி இருக்கலாம், வீட்டுத் தூணில் இது இருக்கக்கூடாதா? சிமெண்டை உருட்டி அப்பி, ஈரம் காயுமுன் ஆணிகளை முனை வெளியே தெரியச் செருகினேன். (இன்றும் பலாப்பழம் வாங்கினால், "ஒங்க தூணு வந்துருக்கு, அறுங்க" என்று கத்தியை என்னிடம்தான் நீட்டுகிறாள் என் மனைவி.)

மறுநாள் வீட்டுக்காரர் அண்ணாந்து பார்த்தார்.

"ஏனுங்க கொத்தனாரே, திருஷ்டிக்குன்னா ஒரு பூசணிக்காய் போதுமுங்களே?"

கொத்தனார் என்னைப் பார்த்தார். "என்னலே இது?"

"எக்கைனஸ்ணே."

இன்ஜினியருக்குப் போன் போட்டார். மறுமுனையில் முதலில் சிரிப்புத்தான் கேட்டது. பிறகு விளக்கம். "ரெண்டுக்கும் ஒரே பேருதான் கொத்தனாரே. கடல்ல இருக்கறதுக்கு முள்ளு உண்டு. தூணுல வாரது சட்டி மாதிரி வழவழன்னு இருக்கணும்."

"உடைச்சுட்டுக் கெளம்பு அப்பு" என்றார் செபஸ்தியான்.

உடைக்க மத்தியானம் ஆகிவிட்டது. அம்புட்டு உறுதியான வேலை; ஆணிகள் என் சட்டையையும் விடவில்லை. கரண்டியைக் கழுவி அவரிடமே கொடுத்தேன்.

அடுத்த நாள் காலை அய்யலூர் பக்கம் ஒரு தோட்டக்காரர், ஆடு புகுந்து மேய்ந்த கத்தரிச் செடிகளை வெறித்துக்கொண்டு நின்றார். வேலை கேட்டேன்.

"முள்ளுவேலி கட்டணும். முள்ளு வேலை தெரியுமா?"

"அது மட்டுந்தாண்ணே தெரியும்" என்றேன்.