அம்மருட் வேலியும் சேவையர் சீலும்

அம்மருட், ஒஸ்லோ.
ஞாயிறு பின்னேரம்.

என் அன்புக்கும் நன்மதிப்புக்கும் உரிய மச்சான், பதிவுபெற்ற நில அளவையாளர் ஜெயரத்தினம் அவர்களுக்கு, அத்தான் சற்குணம் எழுதிக்கொள்வது.

இங்கே நானும் உமது அக்கா விமலாதேவியும் சுகம். திராமன் நகரில் மகள் சாருகாவும் மருமகனும் சுகம். அங்கே கோப்பாயில் நீரும் மச்சாளும் பிள்ளைகளும் நோய்நொடி இல்லாமல் இருக்கவும், உமது அளவு நாடா அறாமலும் சீல் தேயாமலும் இருக்கவும் அம்மன் துணை நிற்கட்டும். மகளின் கலியாணத்துக்கு நீர் வந்து நின்ற மூன்று கிழமையும் வீடு கலகலப்பாக இருந்தது. இப்போது நானும் அக்காவும் ஆளுக்கொரு ஃபோனைப் பார்த்துக்கொண்டு இருக்கிறோம். இதை வட்சப்பில் எழுதாமல் கடிதமாக எழுதுவதற்கும் அதுதான் காரணம். உமது அக்கா என்னுடைய ஃபோனை என்னைவிட ஒழுங்காக வாசிக்கிறவள். இந்த விஷயம் அவளுக்குத் தெரிய வேண்டாம்.

விஷயத்துக்கு வருகிறேன், பதற வேண்டாம். கொழும்பில் இருக்கும் உங்கள் அளவையாளர் சபையிலிருந்து உமக்கு ஒரு விளக்கம் கேட்டுக் கடிதம் வரக்கூடும். உமது லைசென்ஸ் சம்பந்தமாக. பெரிய சிக்கல் ஒன்றும் இல்லை, நான் இருக்கிறேன்.

நீர் இங்கே நின்றபோது எங்கள் பின் தோட்டத்தை அளந்தது ஞாபகம் இருக்கும். பக்கத்து வீட்டு நோராவின் லைலாக் பூச்செடி வேலி வருஷத்துக்கு வருஷம் எங்கள் பக்கம் சாய்ந்து சாய்ந்து ஒன்றரை அடியை விழுங்கிவிட்டது. அந்த ஒன்றரை அடியில்தான் பின்னேர வெயில் விழும். அந்த வெயிலை நம்பித்தான் உமது அக்கா மிளகாய்ச் சட்டிகளை அதிலே அடுக்கி வைத்தாள். நிழலில் நின்ற செடிகள் ஆளுயரத்துக்கு வளர்ந்தனவே தவிர ஒரு பிஞ்சுகூட வைக்கவில்லை. வேலிக்காகச் சொந்தத் தம்பியையே பதினெட்டு வருஷம் கோட்டுக்கு இழுத்த பெரியப்பாவின் பெறாமகன் நான். இதைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சும்மா இருப்பேன்? அதனால்தான் உம்மைப் பிடித்தேன். நீர் அளக்க மறுக்கவில்லை, நாடாவின் மறு நுனியை அக்கா பிடிக்க ஒரு பின்னேரத்தில் அளந்து வடிவாகப் படமும் கீறித் தந்தீர். சீல் குத்தச் சொன்னபோதுதான் முகம் மாறிற்று. "அத்தான், இந்தச் சீல் இலங்கைக்கு மட்டும்தான். இஞ்சை குத்தினா என்ரை பேர் போயிடும்" என்றீர். சீலை வீட்டில் விட்டால் ஆராவது எடுத்துக் குத்திவிடுவார்கள் என்று சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு ஒஸ்லோ வரைக்கும் வந்தவர் அல்லவா நீர், விமான நிலையத்தில் அதிகாரிகள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தபோதும் கையை விட்டு இறக்காதவர். அன்றைக்கு நான் வைத்த நண்டுக்குழம்புக்குப் பிறகுதான் மனம் இளகிற்று. "சரி, சுவரிலை கொழுவி வைக்கிறதெண்டா குத்திறன். வெளியிலை ஒருத்தருக்கும் காட்டப்படாது" என்று சொல்லிக் குத்தினீர்.

நான் அந்தச் சொல்லை மீறவில்லை, மச்சான். நீர் போன மறுநாளே படத்தைப் பிளாஸ்டிக் உறை போட்டுச் சுவரில்தான் கொழுவினேன். தபால் பெட்டிகளுக்கு மேலே குடியிருப்பின் அறிவித்தல் பலகை இருக்கிறதே, அதுவும் சுவரில்தான் இருக்கிறது. படத்தில் உள்ள கோட்டின்படி தோட்டத்தில் வேலிக் கதியாலும் நட்டேன். இங்கே பூவரசங் கதியாலுக்கு எங்கே போக? சாருகா பள்ளிக்கூடத்தில் பனிச்சறுக்குப் பழகிய காலத்துத் தடிகள் நிலவறையில் கிடந்தன. அவற்றை வரிசையாக நட்டுச் சிவப்புக் கயிறு கட்டினேன். கோப்பாயில்கூட இவ்வளவு நேரான வேலி கிடையாது.

நோரா சண்டைக்கு வரவில்லை. அது எனக்குப் பெரிய ஏமாற்றம். நம்மூர் என்றால் இதற்குள் மூன்று வீட்டுக்குக் கேட்கும்படி என் பரம்பரையையே இழுத்திருப்பார்கள். நான் நான்கு நாளாக மனதுக்குள் நொர்வேஜிய மொழியில் பதில்களை ஆயத்தம் செய்து வைத்திருந்தேன், எல்லாம் வீண். அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பலகைக்கு முன்னால் நின்று சீலைப் பார்த்தாள். அதிலுள்ள மூன்று மொழி எழுத்துகளையும் விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்துவிட்டு, "எவ்வளவு அழகான வேலை. இதைச் செய்தவர் யார்?" என்று கேட்டாள். என்னுடைய மைத்துனர், எங்கள் நாட்டில் இந்தச் சீலைக் கண்ட பிறகுதான் நீதிபதியே பேனையை எடுப்பார் என்றேன். அவள் தலையை ஆட்டிவிட்டுத் தன் தபாலை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். வேலி நின்ற இடத்திலேயே நின்றது.

வினை வந்தது எங்கள் மேல்வரிசையில் இருக்கும் இரவீந்திரனால். கோயம்புத்தூர்ப் பிள்ளை, கணினி வேலை, நல்ல மரியாதை. பலகையைப் பார்த்துவிட்டு நேரே கதவைத் தட்டினான். "அங்கிள், உங்க மச்சான் மறுபடி எப்ப வர்றாரு? என் பார்க்கிங் ஸ்பாட்டுல எவனோ டெய்லி வண்டிய விட்டுட்டுப் போயிடறான். அதையும் அளந்து ஒரு ஸ்டாம்ப் போட்டுக் குடுத்தாருன்னா நல்லாருக்கும்" என்றான். அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பினேன். அவனுக்கு அதுவரை பொறுக்கவில்லை. உமது படத்தைப் பெயரும் பதிவு இலக்கமும் பளிச்சென்று தெரியப் படம் பிடித்து, தனக்கும் இப்படி ஒன்று செய்து தர முடியுமா என்று குடியிருப்புச் சங்கத்தின் தலைவிக்கு மின்னஞ்சல் அனுப்பிவிட்டான்.

தலைவி எனக்கு எழுதியதைப் படித்தால் நீர் சிரிப்பீர். நான் மூன்று முறை படித்தும் சிரிப்பு வரவில்லை. வணக்கம் சற்குணம், படம் மிக நேர்த்தியாக இருக்கிறது என்றுதான் தொடக்கம். இந்தக் குடியிருப்பு ஒரு கூட்டுறவுச் சங்கம், நிலம் முழுவதும் எல்லோருக்கும் பொது, எனவே உங்களுக்கும் நோராவுக்கும் இடையில் எல்லை என்று ஒன்று கிடையாது, அது ஒருபோதும் இருந்ததும் இல்லை என்று நடுவில். உத்தியோக முத்திரையோடு ஒரு படம் பொது இடத்தில் தொங்குவதால், இந்த அளவையாளருக்கு நொர்வேயில் இதைச் செய்ய உரிமை உண்டா என்று அவருக்கு உரிமம் கொடுத்த சபையிடம் வரும் வெள்ளிக்கிழமை எழுதிக் கேட்கப் போகிறோம், சும்மா ஒழுங்குக்காக என்று முடிவில். இந்த ஊரார் ஒருவருடைய தலையை எடுப்பதென்றாலும் ஒழுங்குக்காக என்றுதான் எடுப்பார்கள். கீழே சிரிக்கிற முகம் ஒன்றும் போட்டிருந்தாள்.

நான் சாருகாவுக்கு ஃபோன் எடுத்தேன். அவள் பிறந்ததே இங்கே என்பதால் இந்தச் சட்டங்கள் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு.

"அப்பா, அது பொரெட்ஸ்லாக். வீட்டிலை இருக்கிற உரிமைதான் உங்களுக்கு. நிலம் எல்லாருக்கும் சேர்த்துத்தான்" என்றாள்.

"எல்லை இல்லையெண்டா அப்ப அந்த வேலி என்னத்துக்கு நிக்குது?"

"அது வேலி இல்லை அப்பா. சும்மா ஒரு புஸ்க்."

செடியாம். எல்லை இல்லாத நிலம் உலகத்தில் உண்டா, நீரே சொல்லும். கடலுக்கே கோடு போட்டு வைத்திருக்கிறார்கள். "அப்பா, மாமாவைப் பற்றி யோசிச்சியளோ?" என்று அவள் கேட்டாள். உன் மாமாவின் சீல் சிங்கம் மாதிரி, அதற்கு ஒன்றும் ஆகாது என்று சொல்லி ஃபோனை வைத்துவிட்டேன்.

ஆகவே மச்சான், நான் உறுதியாக இருக்கிறேன், நீரும் உறுதியாக நிற்க வேண்டும். கொழும்பிலிருந்து கேட்டால், ஓம், நான்தான் குத்தினேன், அளவு சரி, வேண்டுமென்றால் வந்து அளந்து பாருங்கள் என்று எழுதிவிடும். பயந்தால் பிழை செய்தவர் என்று நினைத்துவிடுவார்கள். அதோடு இதே படத்தை இரண்டு மடங்கு பெரிதாகக் கீறி, நான்கு மூலையிலும் நான்கு சீல் குத்தி விரைவுத் தபாலில் அனுப்பும். ஒரு சீலைப் பார்த்து விளக்கம் கேட்கிறவர்கள் நான்கைப் பார்த்தால் வாயை மூடுவார்கள். அடுத்த சங்கக் கூட்டத்தில் நான் எழுந்து பேசப் போகிறேன். தடிகளை ஒருவரும் தொட விடமாட்டேன். நோராவுக்கும் எனக்கும் தனிப்பட்ட பகை ஒன்றும் இல்லை, அவள் நல்ல மனுசி. ஆனால் நிலம் நிலம்தான்.

மச்சாளுக்கு என் அன்பைச் சொல்லும். பிள்ளைகள் படித்து உம்மைப் போல் பெரிய உத்தியோகத்துக்கு வர வாழ்த்துகிறேன். எல்லாம் வல்லவன் உம்மையும் உமது வேலையையும் காப்பானாக.

இப்படிக்கு,
ஓர் அங்குலமும் விட்டுக்கொடாத உமது அத்தான்,
சற்குணம்.

பிற்குறிப்பு, புதன்கிழமை:

மேலே எழுதியதில் ஒன்றையும் செய்துவிட வேண்டாம். பெரிய படமும் வேண்டாம், நான்கு சீலும் வேண்டாம்.

மறுநாள் நான் கடித உறை தேடிப்போன நேரத்தில் உமது அக்கா மேசையில் கிடந்த இதை முழுக்க வாசித்துவிட்டாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் சமாளித்திருப்பேன். கதிரையில் இருந்துகொண்டு மெதுவாகச் சொன்னாள். "இடம்பெயர்ந்து ஓடேக்கை அவன் உடுப்பெல்லாத்தையும் விட்டிட்டு அந்தச் சீலைத்தான் மடியிலை கட்டிக்கொண்டு ஓடினவன். அதை வைச்சுத்தான் இப்பவும் பிள்ளையளைப் படிப்பிக்கிறான். நீங்கள் அதை என்ரை மிளகாய்ச் சட்டிக்கு முட்டுக் குடுத்திருக்கிறியள்."

மச்சான், அவள் சொன்னது சரி. நீர் என்னை நம்பிக் குத்தினீர். நான் தபால் பெட்டிக்கு மேலே கொழுவினேன். வெட்கமாக இருக்கிறது, மன்னித்துக்கொள்ளும்.

அன்று பின்னேரமே பலகையிலிருந்து படத்தைக் கழற்றிக்கொண்டு தலைவியின் வீட்டுக்குப் போனேன். என்னைத் தனியாக விடாமல் அக்காவும் வந்தாள், வழியில் கண்ட நோராவும் எங்களோடு கூட வந்தாள். இது என்னுடைய பிழை, மைத்துனர் வீட்டுச் சுவருக்கென்று தந்ததை நான்தான் வெளியில் காட்டினேன் என்று சொன்னேன். முப்பத்தைந்து வருஷத்தில் இவ்வளவு நீளமான நொர்வேஜிய வசனம் நான் பேசியதில்லை. தலைவி கேட்டுவிட்டு, படத்தை மீட்டுக்கொண்டு தடிகளையும் பிடுங்கிவிட்டால் கொழும்புக்கு எழுத ஒன்றும் இல்லை என்றாள். தலைவி கூப்பிட வந்த இரவீந்திரன் என் கண்ணுக்கு முன்னால் ஃபோனிலிருந்த படத்தை அழித்தான். தலைவியும் அழித்தாள். தடிகளை நானே பிடுங்கினேன். கடைசித் தடி வர மறுத்தது, நோராதான் மறுபக்கம் நின்று ஆட்டிவிட்டாள்.

பிறகு அவள் தயங்கித் தயங்கி, அந்தப் படத்தைத் தன் குசினியில் கொழுவத் தர முடியுமா என்று கேட்டாள். தன் செடியை இவ்வளவு கவனமாக ஒருவரும் வரைந்ததில்லையாம். கத்தரிக்கோலை எடுத்து, சீல் இருந்த மூலையை மட்டும் வட்டமாக வெட்டி வைத்துக்கொண்டு மிச்சத்தைக் கொடுத்தேன். வெட்டிய துண்டை இத்துடன் வைத்திருக்கிறேன். கிடைத்ததும் உமது கையாலேயே எரித்துவிட்டு எனக்கு அறிவியும், அதுவரை எனக்கு நித்திரை வராது. நோரா தானே கத்தரியோடு வந்து எங்கள் பக்கம் சாய்ந்த கிளைகளை வெட்டிவிட்டாள். சட்டிகளில் இப்போது வெயில் விழுகிறது. உமது அக்கா அவளுக்கு இடியப்பம் கொடுத்தனுப்பினாள்.

எல்லாம் சமாதானம். ஆனாலும் மச்சான், அக்காவுக்குத் தெரியாமல், எனக்கு மட்டும் ஒரு வரி எழுதி அனுப்பும். அந்த ஒன்றரை அடி எங்கள் பக்கம்தானே? சீல் வேண்டாம்.