கமலம் சிரித்த காட்சி

கமலம் சிரித்துவிட்டாள்.

ராஜாங்கம் படிப்பதை நிறுத்தினார். கண்ணாடியைக் கழற்றி வேட்டி முனையால் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு மனைவியைப் பார்த்தார். சந்தேகமே இல்லை, சிரிப்புதான்.

"எதுக்குச் சிரிச்ச?"

"சிரிப்பு வந்துது, சிரிச்சேன்."

"கல்யாணம் ஆனதுலேருந்து நான் எழுதுனதுக்கு வராத சிரிப்பு, இன்னைக்குன்னு எங்கேருந்து வந்துது?"

கமலம் முறத்திலிருந்த கீரையை ஆயத் தொடங்கினாள். ராஜாங்கத்துக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

பிடிக்காதா பின்னே? விருத்தாசலத்தில் மேடை நாடகம் போட ஆரம்பித்து, சினிமாவுக்குச் சிரிப்பு எழுதப் போய், ஒரு காலத்தில் கொடிகட்டிப் பறந்தவர் அவர். பீங்கான் கம்பெனி மேஸ்திரி ஒருவன், கைப்பிடி இல்லாத கப்பை வியாபாரியிடம் நீட்டி, "கைப்பிடி அடுத்த லோடுல வரும்" என்று சொல்கிற காட்சி அவர் எழுதியதுதான். இன்றைக்கும் பாதிக் கட்டிய பாலத்தின் படத்தைப் போட்டு அந்த வசனத்தை எழுதி போனில் அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள்.

அந்தக் காட்சியைப் படித்துக் காட்டியபோது கமலம் சிரிக்கவில்லை. முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு கேட்டுவிட்டு, "சாப்புட வாங்க" என்றாள். படம் பிய்த்துக்கொண்டு ஓடியது. அடுத்த படத்துக்கும் உம்மென்றுதான் இருந்தாள், அதுவும் ஓடியது. ஒரே ஒரு முறை, அவசரத்தில், அவளிடம் படித்துக் காட்டாமல் சென்னையிலேயே உட்கார்ந்து எழுதிக் கொடுத்தார். அந்தப் படம் போன வேகத்தில் தியேட்டரை விட்டுத் திரும்பியது. அன்று முதல், கமலத்தின் உம்மென்ற முகத்தைப் பார்க்காமல் ஒரு காகிதத்தையும் அவர் வெளியே விட்டதில்லை.

சென்னையில் அவருக்கு எழுத்து வராது. ஏசி அறை போட்டுக் கொடுத்தாலும் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு கிடப்பார். ரயிலேறி ஊருக்கு வர வேண்டும். பீங்கான் கம்பெனியில் வேலை முடிந்து வந்த கமலம் அடுப்படியில் எதையோ பேசிக்கொண்டே சமைக்க, இவர் உம் கொட்டியபடி கூடத்தில் குறுக்கும் நெடுக்கும் நடப்பார். பிறகு உட்கார்ந்தால் பேனா நிற்காது. "எல்லாம் எங்க ஊரு மண்ணு செய்யற வேலைங்க" என்று ஒரு பேட்டியில் சொன்னார். பேட்டி எடுத்தவர் களிமண் குவியலையும் படம் பிடித்துக்கொண்டு போனார்.

அப்புறம் என்னவோ ஆயிற்று. எழுதியவை சப்பென்று இருந்தன. கமலத்திடம் படித்துக் காட்டக்கூட மனம் வராமல் கசக்கிப் போட்டார். ரசனை மாறிவிட்டது என்று சொல்லிக்கொண்டார். சில வருஷங்களாக அவருடைய போன் மணி அடிப்பதே இல்லை.

இப்போதுதான் பெண்ணாடத்து நிலவன் கூப்பிட்டான். முதல் படம் எடுக்கப் போகிறவன். "ஐயா, ஒரே ஒரு சீன் எழுதிக் குடுங்க. தயாரிப்பாளருக்குப் புடிச்சிட்டா முழுப் படமும் நீங்கதான்" என்றான். அந்தக் காட்சியை வாங்கிக்கொள்ளத்தான் இன்று வருகிறான். இதைத் தவறவிட்டால் இனி அந்தப் போன் மணி அடிக்காது என்பது ராஜாங்கத்துக்குத் தெரியும். இந்த நேரம் பார்த்துச் சிரிக்கிறாள்.

எழுதியது வேறொன்றுமில்லை. வாய்ப்பில்லாத கிழவர் ஒருவர், தன் போன் வேலை செய்கிறதா என்று பார்க்க, மனைவியின் போனிலிருந்து தனக்கே கூப்பிடுகிறார். மணி அடித்ததும் எடுக்காமல், கெத்தாக மூன்று முறை அடிக்க விடுகிறார். அந்த இடத்தில்தான் கமலம் சிரித்தாள்.

ராஜாங்கம் அந்த இடத்தை அடித்துவிட்டார். இப்போது கிழவர் தன் போனிலிருந்தே தன் நம்பரைக் கூப்பிடுகிறார். வேறொருவருடன் பேசிக்கொண்டிருப்பதாகக் குரல் வருகிறது. "பாத்தியா, எனக்கு எவ்ளோ டிமாண்டு" என்று மனைவியிடம் பெருமைப்படுகிறார்.

கமலம் கீரையைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தாள்.

"கமலம், இது என் பொழப்பு."

"நான் என்னாங்க பண்ணட்டும்? நீங்க எழுதறீங்க."

போனையே தூக்கிவிட்டார். கிழவர் நாற்காலியில் துக்கமாக உட்கார்ந்திருக்கிறார், அவ்வளவுதான். மனைவி வெளியே போய்விட்டு வந்து, "யாராச்சும் கூப்புட்டாங்களா?" என்கிறாள். "கூப்புட்டாங்க. நான்தான் எடுக்கல" என்கிறார் கிழவர்.

எழுதி முடித்து ராஜாங்கம் நிமிர்ந்து உட்கார்ந்தார். இதற்குச் சிரிக்க மாட்டாள் என்று தைரியமாகப் படித்தார். கமலம் முந்தானையை வாயில் கவ்விக்கொண்டாள். தோள் குலுங்கியது. கண்ணிலிருந்து தண்ணீரும் வந்தது.

அவர் காகிதத்தை நாலாகக் கிழித்துக் கீரைத் தண்டோடு முறத்தில் போட்டார். நிலவனுக்குப் போன் செய்தார். வராதே என்று சொல்ல வாயெடுப்பதற்குள் அவன் முந்திக்கொண்டான்.

"ஐயா, கருவேப்பிலங்குறிச்சி தாண்டிட்டங்க. பஸ்ஸுக்கு முன்னாடி கரும்பு டிராக்டரு போவுது. தோ, வந்துடறேன்."

சொன்னபடி வந்து நின்றான். கூடவே அடுத்த வீட்டுத் தங்கம்மாளும், சினிமாக்காரர் வந்திருக்கிறாரே என்று வாசல்படியில் வந்து உட்கார்ந்தாள். பீங்கான் கம்பெனியில் கப்புக்குக் கைப்பிடி ஒட்டுகிற வேலையில் கமலத்தோடு பக்கத்தில் பக்கத்தில் இருந்தவள். சில வருஷங்களுக்கு முன் இருவரும் ஒன்றாகவே வேலையை விட்டார்கள்.

"சீனுங்க ஐயா?" என்றான் நிலவன்.

ராஜாங்கம் முறத்தைக் காட்டினார். நிலவனின் முகம் வாடிவிட்டது.

"நீ உக்காரு தம்பி, நான் சொல்றேன்" என்றாள் கமலம்.

சொன்னாள். மூன்று கிழவரையும் ஒரே கிழவராக்கி, ஒன்றன்பின் ஒன்றாகச் சொன்னாள். கடைசி வசனத்துக்கு முன்னால் கொஞ்சம் நிறுத்தி, எதிரில் இருப்பவர் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு, மெதுவாகச் சொன்னாள். ராஜாங்கம் திடுக்கிட்டார். அவருடைய நாடகங்களில் எல்லாம் வருகிற நிறுத்தம் அது. கூடவே இருந்து பழகிவிட்டாள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

நிலவன் தரையில் உட்கார்ந்து சிரித்தான். தங்கம்மாளும் சிரித்தாள். நிலவன் எழுந்து ராஜாங்கத்தின் கையைப் பிடித்துக்கொண்டான்.

"ஐயா, இதுதாங்க சீனு. தயாரிப்பாளருக்கு இப்பவே போன் போடறேன்."

"வேணாம் தம்பி. இது ஓடாது."

"ஏங்க?"

"அவ சிரிச்சிட்டா." ராஜாங்கம் முறத்தைத் தள்ளி வைத்தார். "நான் எழுதி ஓடுனது எதுக்கும் அவ சிரிச்சதில்ல. மேஸ்திரி சீனுக்கு ஊரே சிரிச்சுது, அவ மொகத்துல ஒரு சுருக்கம் மாறல. அதான் எனக்குக் கணக்கு. இன்னைக்கு விழுந்து விழுந்து சிரிக்கறா. என் கதை முடிஞ்சுது."

நிலவன் ஒன்றும் புரியாமல் கமலத்தைப் பார்த்தான். "ஏம்மா, அந்த மேஸ்திரி சீனுக்கு நீங்க சிரிக்கலயா?"

"டீ போட்டுக்கிட்டு வரேன்" என்று கமலம் விருட்டென்று உள்ளே போய்விட்டாள்.

வாசல்படியிலிருந்த தங்கம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"நீங்க ஒண்ணுங்கண்ணே, எங்க மேஸ்திரி சொன்னத அன்னைக்கு சாயங்காலமே வூட்டுல வந்து சொன்னது அவதான, அவ தெனம் தெனம் சொன்னதயே அவகிட்ட படிச்சுக் காட்டுனா எங்கேருந்து சிரிப்பு வரும், இன்னைக்குத்தான் மொத மொதல்ல நீங்களா ஒண்ணு எழுதியிருக்கீங்க."