இருபது நிமிட ஒலிநாடா

மனித நாகரிகம் மூன்று பிரதிகளின்மேல்தான் நிற்கிறது. மேல் பிரதி தணிக்கைக்கு, நடுப் பிரதி கோப்புக்கு, அடிப் பிரதி நமக்கு. இதைப் பாராமல் ஒலிநாடாவைச் சுழல விடுகிறவன் மனிதனே அல்ல என்பது, ஹுவே நகரில் ஒரு அரசு வானொலி நிலையத்தின் பொறுப்பாளனாகப் பதினோரு ஆண்டுகள் 'தொண்டாற்றிய' கியெம் ஆகிய என் தாழ்மையான கருத்து.

சென்ற ஆண்டு புத்தர் பிறந்த நாளன்று பௌத்தக் கொடி ஏற்றக் கூடாதென்று அரசு உத்தரவு. காலையில் கோயிலில் தலைமைப் பிக்கு பேசுவதை மாலையில் நாங்கள் ஒலிபரப்புவது வருடா வருடம் வழக்கம். அன்று அவர் அந்த உத்தரவைக் கண்டித்துப் பேசியதாகக் கேள்வி. ஒலிநாடா வந்தது, தணிக்கை முத்திரை வரவில்லை. இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன். நிலையத்து ஒலிபெருக்கியில் கேட்க வந்த கூட்டம் வாசலில் பெருகியது. ஒரு பிக்கு கதவிடுக்கு வழியாகக் கெஞ்சினார்.

"போட்டு விடுங்கய்யா. கேட்டுட்டுக் கலைஞ்சு போயிடுவாங்க."

"முத்திரை இல்லீங்களே சாமி."

"புள்ளைங்கெல்லாம் நிக்கிதுங்க."

"நாளைக்குக் காலையில எட்டு மணிக்கு வாங்க. படிவம் தர்றேன்."

எட்டு மணி வரை யாரும் பொறுக்கவில்லை. கூட்டத்தைக் கலைக்க ராணுவ மேஜர் லாம் கவச வண்டிகளோடு வந்து சேர்ந்தார். குண்டு வெடித்தது, துப்பாக்கிகள் சுட்டன. செத்தவர்களில் பாதிக்கு மேல் பிள்ளைகள்.

அரசு அதைக் 'கம்யூனிஸ்டுச் சதி' என்றது. எனக்கு ஒழுங்குக்கான பாராட்டுப் பத்திரம் தந்தது. ஆறு மாதத்தில் அந்த அரசே கவிழ்ந்தது. புதிதாக வந்த தளபதிகள் மேஜரைக் கூண்டில் ஏற்றினார்கள். என்னை, 'பழைய ஆட்சியில் அல்லலுற்ற சாட்சி' என்று தலைநகர் சைகோனுக்கு அழைத்தார்கள். நாற்காலி மாறினால் நியாயமும் மாறும். என் இருக்கை மட்டும் ஆடவில்லை.

ஒரே ஒரு கேள்விக்குத்தான் எனக்குப் பயம்: அந்த ஒலிநாடாவை ஏன் போடவில்லை? அதற்குப் பதில் எழுதி, மூன்று பிரதி எடுத்து, மனப்பாடமும் செய்திருந்தேன்.

"வெடிச்சது ராணுவக் குண்டா, கம்யூனிஸ்டுங்க வைக்கிற பிளாஸ்டிக் குண்டா?" என்றார் அரசு வக்கீல்.

"பெருசா வெடிச்சுதுங்க."

"கண்ணால பார்த்தீங்களா?"

"மேசைக்கு அடியில இருந்தேங்க. மேசையோட அடிப்பலகையைத்தான் பார்த்தேன்."

மேஜரின் வக்கீல் துள்ளி எழுந்தார். "அது என்ன மரம்?"

"பலா மரமுங்க."

பலாப்பலகை வழியே வெடிச்சத்தம் எப்படிக் கேட்கும் என்று இரு தரப்பும் ஒன்றரை மணி நேரம் வாதாடின. நீதிபதி குறிப்பெடுத்தார். இழுப்பறையைப் பற்றி ஒருவரும் மூச்சு விடவில்லை. எனக்கு உயிர் வந்தது. கொஞ்சம் வருத்தமும் வந்தது, மனப்பாடம் வீணாகிறதே என்று.

மேஜர் நிமிர்ந்து நின்று, "மேலிடத்து உத்தரவுப்படிதான் நடந்தேன்" என்றார். அது என் வசனம்.

அவருக்கு ஆயுள் தண்டனை விதித்தார்கள். எனக்கு நன்றி சொன்னார்கள். வெளித் தாழ்வாரத்தில், மகளைப் பறிகொடுத்த லியூ என்னிடம் வந்தாள். எங்கள் ஊரில் அரிசி அப்பம் அவித்து விற்பவள், அவளும் சாட்சி.

"ஐயா, ஒங்க ரேடியோவுல என்ன சொல்றாங்கன்னு கேட்டுட்டு வந்துடறேம்மான்னுதான் சுவான் ஓடுனா. அதுல என்னதாங்க பேசியிருந்துச்சு?"

"நான் கேக்கலக்கா."

"இத்தனை நாளாவா?"

"முத்திரை இல்லாம கேக்கக் கூடாதுக்கா."

"எவ்வளவு நேரம் ஓடும்?"

"இருபது நிமிஷம்."

அவள் விரல் விட்டு எண்ணினாள். "ரெண்டு ஈடு அவிக்கிற நேரம். போட்டிருந்தீங்கன்னா கேட்டுட்டு வீட்டுக்கு வந்திருப்பா. ஏங்கய்யா போடல?"

நான் பையிலிருந்த மூன்று பிரதிகளையும் தடவிப் பார்த்துக்கொண்டேன். அத்தனை வக்கீல்கள் கூடிய வழக்கில் கேட்க வேண்டியதைக் கேட்டவள் அந்த அப்பக்காரி ஒருத்திதான். நல்லவேளை, தீர்ப்பெழுதும் அதிகாரத்தை அவளிடம் யாரும் கொடுத்திருக்கவில்லை.