சோடா உப்பில்லாத கேக்கும் என் வீட்டுப் புகையும்

பள்ளிபாளையம்,
பிரமாதி வருஷம், ஆனி மாதம்.

மகாராஜராஜஸ்ரீ பத்திராதிபர் அவர்களுக்கு, ரயில்வேயில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்ற வெங்கடாசலம் கைகூப்பி எழுதிக்கொண்டது. தாங்களும் தங்கள் குடும்பத்தாரும், அச்சுக் கோக்கிறவர்கள் உட்பட, சௌக்கியமாக இருக்கவேண்டும். இவ்விடம் நான் சௌக்கியம். என் சமையலறைதான் சௌக்கியமில்லை. அதற்குக் காரணம் தங்கள் பத்திரிகை.

சித்திரை இதழின் மாதர் பக்கத்தில், "சோடா உப்பும் வேண்டாம், ஈஸ்டும் வேண்டாம், கேக் என்றாலே கை நடுங்குகிறவர்களும் செய்யலாம்" என்று போட்டிருந்தீர்கள். மாதர் பக்கத்தை நீர் ஏன் படித்தீர் என்று கேட்பீர்கள். அட்டையிலிருந்து அச்சகத்தின் விலாசம் வரைக்கும் படிக்கிறேன், வேறு என்ன செய்ய? என் சம்சாரம் மயிலம்மாளுக்கு இது பிறந்த ஊர். அவள் ஆசைப்பட்டாளே என்று ஓய்வு பெற்றதும் இங்கே வீடு வாங்கினோம். குடிவந்த வருஷமே அவள் போய்விட்டாள். பிள்ளை குட்டி இல்லை. அவள் இருந்தவரை அடுப்படியில் எந்நேரமும் நாலு பெண்கள், அவர்களைத் தேடிக்கொண்டு அவர்கள் வீட்டு ஆண்கள். இப்போது பொம்பளை இல்லாத வீடு என்று ஒருவரும் வாசற்படி தாண்டுவதில்லை. தெருவில் நின்றபடியே "சாப்பிட்டாச்சுங்களா?" என்பார்கள்; "ஆச்சுங்க" என்பேன். அன்றைய பேச்சு அதோடு சரி. ஸ்டேஷனிலாவது தந்திக் கருவி தட்டிக்கொண்டிருக்கும். இந்த வீட்டில் எனக்குத் தனிமை தாங்கவில்லை, பத்திராதிபரே.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மைதா, வெண்ணெய், அஸ்காச் சர்க்கரை, முட்டை எல்லாம் தாங்கள் சொன்ன அளவேதான். "முட்டையைக் கை ஓயும்வரை அடித்தால் அந்த நுரையே கேக்கைத் தூக்கிவிடும்" என்கிறீர்கள். முப்பது வருஷம் கொடி காட்டின கை இது, லேசில் ஓயுமா? நுரை பொங்கி வேட்டியில் வழிந்த பிறகுதான் நிறுத்தினேன். சட்டியில் மணல் பரப்பி, நடுவில் கிண்ணத்தை வைத்து, மூடிமேலும் தணல் போட்டு, "பொன்னிறமானதும் இறக்கவும்" என்றீர்கள். சிவப்பும் பச்சையுமே பார்த்த கண்ணுக்குப் பொன்னிறம் எது என்று எப்படித் தெரியும்? திறந்து திறந்து பார்த்து யோசித்துக்கொண்டிருந்தேன், அதற்குள் அது கறுப்பாகிவிட்டது, புகை ஓட்டுச்சந்து வழியாகக் கிளம்பிற்று, தெருவே தீ தீ என்று கத்திக்கொண்டு உள்ளே புகுந்துவிட்டது. பக்கத்து வீட்டு ஆத்தாயி ஒரு குடம் தண்ணீரை அடுப்பிலும் இன்னொரு குடத்தை என் தலையிலும் கொட்டினாள். எதிர்வீட்டு நெசவுக்காரர் சின்னண்ணன் தறியை விட்டு ஓடிவந்தார்.

"ஏனுங்க மாஸ்டரு, ஊட்டைக் கொளுத்திப்போட்டு எங்கீங்க குடியிருக்கப் போறீங்க?" என்ற ஆத்தாயி, சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "இந்தச் சட்டிய மயிலக்கா பாத்தா மறுக்காச் செத்துப்போயிருமுங்க" என்று சாம்பலை அள்ளித் தேய்க்க உட்கார்ந்துவிட்டாள். அவள் உட்காரவும் மற்றவர்களும் உட்கார்ந்தார்கள். பேச்சு மயிலம்மாளிடம் போயிற்று. சின்ன வயசில் பரிசலை அவிழ்த்துக்கொண்டு தன்னந்தனியே காவேரியைத் தாண்டி ஈரோட்டுக் கரைக்குப் போய்விட்டாளாம். இத்தனை காலம் குடித்தனம் பண்ணின எனக்கு அது தெரியாது! விளக்கு வைக்கிற வரைக்கும் ஒரே சிரிப்பு.

அடுத்த தடவை அடிப்பக்கம் கரி, அதற்கடுத்த தடவை மேல்பக்கம் கரி. நாலாம் தடவை புகை கிளம்பினபோது குடத்தோடு யாரும் வரவில்லை, வெற்றிலைப் பெட்டியோடு வந்தார்கள். "முட்டைய ஒடைக்கறப்பவே சகுனஞ் செரியில்லீங்க" என்று சின்னண்ணன் சட்டியைச் சுற்றிவந்து தீர்ப்புச் சொன்னார். எல்லாம் சரி, கேக் எங்கே? முட்டை நஷ்டம், வெண்ணெய் நஷ்டம், ஒரு பக்கத்து மீசையும் நஷ்டம். ஆகவே அந்தக் குறிப்பு தப்பு என்று அடுத்த இதழில் கொட்டை எழுத்தில் போட்டு, வாசகர்களிடம் மன்னிப்புக் கேட்கவேண்டும். இல்லாவிட்டால் சந்தாவை நிறுத்திவிடுவேன்.

தங்கள் பத்திரிகை ஓங்கி வளரட்டும். அச்சுக் கோக்கிறவர்களுக்குக் கண்பார்வை தீர்க்கமாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
கோபம் தணியாத
வெங்கடாசலம்

பின்குறிப்பு: கவரை ஒட்டுமுன், ஒரு தரம் ஒழுங்காகச் செய்துதான் பார்ப்போமே என்று தோன்றிற்று. தங்களிடம் மறைப்பானேன், இரண்டாம் தடவையிலிருந்து வேண்டுமென்றே தணலை அள்ளி அள்ளிப் போட்டது நான்தான். இன்று தாங்கள் சொன்ன சூட்டிலேயே வைத்தேன். சோடா உப்பில்லாமலே கேக் எழும்பி, பஞ்சு மாதிரி வந்துவிட்டது. துளிப் புகை இல்லை. துண்டு போட்டுத் தட்டுகளில் வைத்து, கதவை அகலத் திறந்து உட்கார்ந்திருந்தேன். யாரும் வரவில்லை. பிறகு நானே எடுத்துப்போனேன். ஆத்தாயி வாசலில் நின்றபடியே வாங்கி வாயில் போட்டுக்கொண்டு, "நெம்ப நல்லாருக்குதுங்க. இனி உங்களுக்கு ஆரு தொணையும் வேண்டீதில்லீங்க" என்று சந்தோஷமாகச் சொல்லி உள்ளே போய்விட்டாள்.

ஆகையால் மேலே கண்ட புகாரை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். குறிப்பில் ஒரு தப்பும் இல்லை. அடுத்த மாதம் வேறு ஏதாவது பலகாரம் போடுங்கள். சுலபமானது வேண்டாம். கொஞ்சம் புகைகிறதாக இருக்கட்டும்.